லீரோய் ஜென்கின்ஸ்: தமிழில் அவனுக்கு என்ன பெயர்?

கிளிநொச்சியில் ஒரு தேநீர்க்கடை. வாங்கில் நாலு பெடியள் போனும் கையுமாகக் குந்தியிருக்கிறார்கள். விளையாட்டு பப்ஜி. மூன்று பேர் திரைக்குள்ளே ஒரு மதிலுக்குப் பின்னால் பதுங்கி, ஆர் இடப்பக்கம் போவது, ஆர் வலப்பக்கம் போவது என்று குசுகுசுக்கிறார்கள். நாலாமவன் அதுவரை வாயில் ரோல்ஸோடு இருந்தவன். திடீரென்று "லீஈஈஈரோய் ஜென்கின்ஸ்!" என்று ஒரு கத்தல். ஆள் மதிலுக்கு வெளியே. மற்ற மூன்று பேரும் ஏசிக்கொண்டே பின்னால் ஓட, கொஞ்ச நேரத்தில் விளையாட்டில் நாலு பேரும் செத்தாச்சு.

"ஆரடா தம்பி அந்த லீரோய்?" என்று கேட்டார் கடைக்காரர். ஒருத்தனுக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணன்மார் கத்தினார்கள், தாங்களும் கத்துகிறோம், அவ்வளவுதான்.

லீரோய் பப்ஜி ஆளே அல்ல. பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஒஃப் வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் பிறந்தவன். பென் ஷுல்ஸ் என்ற அமெரிக்கர் தன் பாத்திரத்துக்கு வைத்த பெயர் அது. 2005 மே மாதம் அவருடைய குழு ஒரு வீடியோவை இணையத்தில் ஏற்றியது. பிளாக்ரொக் கோட்டையில் ஒரு மண்டபம், தரையெல்லாம் டிராகன் முட்டை. கிட்டப் போனால் குஞ்சு பொரித்துக் கடிக்க வரும். வாசலில் நின்று தலைவன் திட்டத்தை நீட்டி முழக்குகிறான். இன்னொருவன் கணக்குப் பார்த்து, தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 32.33 வீதம், அதுவும் மீளும் தசமம் என்கிறான். இவ்வளவு பாடும் லீரோய்க்கு ஒரு தோள்கவசம் எடுத்துக் கொடுக்கத்தான். அதிலும் அது குருமார் போடுகிற கவசம், லீரோயோ வாள் தூக்குகிற வீரன்.

லீரோய் அந்த நேரம் கதிரையிலேயே இல்லை. சாப்பிடக் கோழி எடுக்கப் போய்விட்டான். திரும்பி வந்தவன், திட்டத்தில் ஒரு சொல்லும் கேட்காமல், தன் பெயரையே நீட்டிக் கத்திக்கொண்டு முட்டைகளுக்குள் பாய்கிறான். காப்பாற்றப் போன எல்லாரும் சாகிறார்கள். ஆளாளுக்கு ஏச, அவன் சொல்லும் பதில்: பரவாயில்லை, என்னிடம் கோழியாவது இருக்கு.

பெயரைப் பிரித்துப் பார்ப்போம். லீரோய் பழைய பிரெஞ்சில் 'அரசன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜென்கின் என்றால் குட்டி ஜோன். கடைசியில் ஒட்டிய 'ஸ்' அவனுடைய மகன் என்பதைக் காட்டுகிறது. ஜோன் நம்முடைய கத்தோலிக்க ஊர்களில் அருளப்பர். ஆக, லீரோய் ஜென்கின்ஸைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'சின்ன அருளப்பு மகன் ராசா'. மன்னார்ப் பக்கம் இப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

ஆனால் நாம் தேடுவது அந்தத் தமிழை அல்ல, அந்த ஆளுக்கான தமிழை. முதலில் வாயில் வருவது அவசரக்குடுக்கை. குடுக்கை என்பது சுரைக்காயைக் குடைந்து செய்கிற பாத்திரம். சொல் நல்ல சொல்தான், ஆனால் அவசரக்குடுக்கை பெரும்பாலும் தன் காரியத்தைத்தான் கெடுப்பான். லீரோய் ஊரையே கூட்டிக்கொண்டு குழிக்குள் விழுகிறவன். அடுத்தது முந்திரிக்கொட்டை. பழத்துக்குள் அடங்கியிருக்க வேண்டிய கொட்டை வெளியே முந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சொன்னது, 'முந்தி' என்ற ஒலியும் சேர்ந்து வாய்த்துவிட்டது. பொருளில் இதுதான் மிகக் கிட்ட வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு சின்னச் சிக்கல்: பழைய ஆட்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. மற்றது மரமுந்திரிகை, கடையில் கேட்டால் கஜு. அம்மம்மாவிடம் முந்திரிக்கொட்டை என்றால் முந்திரிகைப் பழத்து விதை எப்படியடா முந்தும் என்று கேட்பா.

வன்னி வழக்கில் உள்ளது அந்தரப்படுதல், அதாவது பொறுமையில்லாமல் பதறுவது. ஒட்டுசுட்டான் பக்கம் சின்ன வயதில் சித்தப்பாவோடு தேன் எடுக்கப் போயிருக்கிறேன். மரப்பொந்துக்குள் புகை பிடித்து, பூச்சி அடங்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கூட வந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கையை விட்டுவிட்டார். குத்து எங்கள் எல்லாருக்கும். சித்தப்பா வீங்கின உதட்டோடு "அந்தரப்படாதை எண்டு சொன்னனான்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மனிதரை முட்டை மண்டபத்தில் நிறுத்தினால் அப்படியே லீரோய். ஒன்றுதான் குறை. பொந்துக்குள் கையை விடும்போது அவர் தன் பெயரைக் கத்தவில்லை.

அந்தக் கத்தலுக்குத் தமிழில் சொல் இருக்கிறது, ஆனால் அது கூத்துக் களரியில் இருக்கிறது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாத்திரம் களரிக்குள் சும்மா நுழையாது. தான் இன்னார் என்று தெரிவிக்கிற வரவுப் பாட்டு இருக்கும். லீரோய் கத்தியது தன் வரவுப் பாட்டு. அதனால் 'லீரோய் அடிச்சிட்டான்' என்று பெடியள் சொல்வதை 'வரவு பாடிக்கொண்டு பாய்ந்துவிட்டான்' என்று சொல்லலாம் என்பது என் கட்சி. நீளம்தான், ஆனால் படம் தெரிகிறது.

கூத்து என்று சும்மாவும் சொல்லவில்லை. அந்தக் குழுவில் ஒருவர் 2017 இல் ஒத்திகைப் பதிவையே வெளியிட்டார். வசனம், ஓட்டம், சாவு எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. திட்டம் போட்டுத் திட்டம் போட்டே மண்டை காய்கிற குழுக்களைக் கேலி செய்யத்தான் எடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் சிரிப்புக்கு உரியவன் லீரோய் மட்டுமல்ல, மீளும் தசமக்காரனும்தான். தமிழில் முந்திரிக்கொட்டைக்கு ஏச்சு மட்டும்தான் விழும், லீரோய் என்ற பெயருக்கோ உலகம் முழுக்கப் பாசமும் கிடைத்தது.

பிளிசார்ட் நிறுவனமே 2008 இல் அதை விளையாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. அதே மண்டபத்தில் 15 விநாடிக்குள் 50 குஞ்சுகளைக் கொன்றால் உங்கள் பாத்திரப் பெயரின் பின்னால் 'ஜென்கின்ஸ்' போட்டுக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஹார்த்ஸ்டோன் என்ற சீட்டு விளையாட்டில் லீரோய் சீட்டை இறக்கினால் அவன் உடனே பாய்ந்து அடிப்பான், கூடவே எதிராளிக்கு இரண்டு டிராகன் குஞ்சுகள் இலவசம். குணம் மாறவேயில்லை.

கடைக்காரருக்கு இதையெல்லாம் சொன்னேன். அவர் பிடித்தது கோழியை. பப்ஜியில் வென்றால் திரையில் கோழி விருந்து என்று வரும். எல்லாவற்றையும் தோற்றவன் கையிலும் கோழி இருந்தது என்றால் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த நாலாமவன் பக்கம் திரும்பி, "டேய் லீரோய், ரோல்ஸ் இன்னொண்டு போடவா?" என்று கேட்டார்.

"போடுங்கோ அண்ணை," என்றான். மற்ற மூன்று பேரும் இன்னும் அவனோடு கதைக்கவில்லை.