விரல் நீட்டினால் நூடுல்ஸ் வருவது எப்படி?

பாங்காக்கின் தெருவோர நூடுல்ஸ் வண்டிகளில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். உள்ளே நூடுல்ஸ் வகைவகையாகக் குவிந்திருக்கும். விரல் அகலத்துக்குப் பட்டையாக இருப்பது 'சென் யாய்'. அதைவிட ஒல்லியானது 'சென் லெக்'. இடியாப்பம்போல மெலிந்தது 'சென் மீ'. முட்டை சேர்த்துப் பிசைந்த மஞ்சள் நிற நூடுல்ஸ் 'பாமீ'. பக்கத்திலேயே மீன் உருண்டை, பன்றி இறைச்சித் துண்டுகள், முளைகட்டிய பயறு, கீரை. தாய்லாந்து மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர் அந்த வண்டிமுன் போய் நிற்கிறார். விரலை இரண்டு முறை நீட்டுகிறார், ஒருமுறை தலையசைக்கிறார். சில நிமிடங்களில் அவர் நினைத்த கிண்ணம் கைக்கு வந்துவிடுகிறது.

இதில் வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தனியாக எடுத்துப் பார்த்தால், நீட்டிய விரலுக்கு எந்தப் பொருளும் கிடையாது. பட்டை நூடுல்ஸை நோக்கி விரல் நீட்டுகிறவர் காட்டுவது நூடுல்ஸையா, அதன் வெள்ளை நிறத்தையா, அது இருக்கும் தட்டையா, கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கும் ஈயையா? விரல் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்ற இந்தச் சிக்கலைத் தத்துவவாதி விட்கன்ஸ்டைன் விரிவாகவே அலசியிருக்கிறார். வண்டிக்காரர் மட்டும் குழம்புவதே இல்லை.

காரணம், இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்கள். இது சாப்பாட்டுக் கடை, வந்தவருக்குப் பசி, சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுப்பார். இதெல்லாம் எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இதைப் 'பொதுப் பின்புலம்' எனலாம். உரையாடலே இதன்மேல்தான் நடக்கிறது என்று விளக்கியவர் உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க். சொல்லவேண்டியதில் பெரும்பகுதியைப் பின்புலமே சொல்லிவிடுகிறது. மிச்சத்தைத்தான் விரல் சொல்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு சிறியது என்று கணக்குப் போடலாம். நூடுல்ஸ் 4 வகை, சூப்போடு அல்லது சூப் இல்லாமல் என 2 வழி, மேலே போட 3 வகை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 24 விதமான கிண்ணங்கள். 24இல் ஒன்றைக் கண்டுபிடிக்க, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகள் ஐந்து போதும். காரம், புளிப்பு, இனிப்பு பற்றிப் பேசவே வேண்டாம். சர்க்கரை, மிளகாய்த்தூள், மீன் சாறு, மிளகாய் ஊறிய வினிகர் ஆகிய நான்கும் மேசையிலேயே இருக்கும். வேண்டியதை வேண்டிய அளவு நாமே கலந்துகொள்ளலாம். மொழியின் தேவையை இவ்வளவு குறைத்துவிட்ட அந்த வண்டியின் அமைப்பை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனாலும் பின்புலத்துக்கும் அடியில் ஒன்று இருக்கிறது. உணவுத் துண்டையோ பொம்மையையோ கவிழ்த்த குவளைகளில் ஏதோ ஒன்றின் அடியில் ஒளித்துவைத்து, சரியான குவளையை விரலால் காட்டும் சோதனையைப் பல ஆய்வுக்கூடங்களில் செய்திருக்கிறார்கள். 14 மாதக் குழந்தைகள் சரியான குவளையை எடுத்துவிடுகின்றன. நாய்களும் எடுக்கின்றன. நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிகளோ விரலின் திசையில் பார்த்துவிட்டு, பெரும்பாலும் ஏதோ ஒரு குவளையை எடுக்கின்றன. உணவுக்காகப் போட்டி போட்டே பழகிய விலங்குக்கு, 'இவர் எனக்கு உதவத்தான் காட்டுகிறார்' என்ற எண்ணம் எழுவதில்லை என்பது உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ தரும் விளக்கம். மனிதக் குழந்தைக்கு அந்த எண்ணம் பேச்சு முழுதாக வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. முதல் பிறந்தநாளை ஒட்டி விரல் நீட்டத் தொடங்கிவிடுகிறது. வண்டிமுன் நிற்கும் பயணி நம்பியிருப்பதும் இதைத்தான்: எதிரில் இருப்பவர் என்னைப் புரிந்துகொள்ள முயல்வார்.

அப்படியும் புரியாமல் போனால்? மொழியியலாளர் மார்க் டிங்கமான்ஸும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். காதில் சரியாக விழாதபோது நாம் 'ஆங்?' என்கிறோமே, அதைப்போன்ற ஒற்றை அசை ஒன்று, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளிலும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் இருப்பதாக 2013இல் காட்டினார்கள். அவர்கள் நுணுகிப் பார்த்த 10 மொழிகளில், தாய்லாந்து மொழிக்கு நெருங்கிய உறவான லாவோவும் ஒன்று. 2015இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் சுவையானது. புரியாதபோது மனிதர்கள் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். வெறுமனே 'ஆங்?' என்பது ஒன்று, 'யாரு?' என்று குறிப்பாகக் கேட்பது இன்னொன்று, 'முருகனையா சொல்றீங்க?' என்று தானே ஒரு விடையை முன்வைப்பது மூன்றாவது. முடிந்தவரை அடுத்தவருக்குச் சிரமம் குறைவான வழியையே அவர்கள் ஆராய்ந்த எல்லா மொழிக்காரர்களும் எடுக்கிறார்கள்.

இப்போது வண்டிக்காரரின் கையைப் பாருங்கள். சந்தேகம் வந்ததும் சென் லெக்கை ஒரு பிடி அள்ளி உயர்த்தி, புருவத்தைத் தூக்குகிறார். கரண்டியால் சூப் பானையைத் தொட்டுக்காட்டி மறுபடி புருவத்தைத் தூக்குகிறார். சொல்லே இல்லாமல் அந்த மூன்றாவது வகைக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

நாம் பதில் சொல்லும் இடத்தில்தான் சிக்கல். சம்மதத்துக்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். தெற்காசியாவுக்கு வெளியே பலருக்கு அது 'வேண்டாம்' என்றோ 'எதுவானாலும் சரி' என்றோ தோன்றும். மேலும் கீழும் அசைப்பது நல்லது. விரல் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறும். ஜெர்மானியர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள், கனடாக்காரர்கள் ஆள்காட்டி விரலிலிருந்து. இதை 2009இல் சிமோன் பிகா குழுவினர் ஆராய்ந்து எழுதினார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் நீட்டிய கை ஜெர்மனியில் 2. சீனாவின் பெரும்பாலான ஊர்களில் அதே கை 8. அங்கே 6 முதல் 10 வரை ஒரே கையால் காட்டும் வழக்கம் உண்டு. விலைக்கு இந்தத் தொல்லை இல்லை, கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிவிடுவார்.

கை அடியோடு தோற்கும் இடம் வேறு. இருப்பதைக் காட்டலாம், இல்லாததை எப்படிக் காட்டுவது? 'மீன் சாறு வேண்டாம்', 'வேர்க்கடலை பட்டால் எனக்கு மூச்சு அடைக்கும்' என்பவற்றுக்கு விரல் நீட்ட ஓர் இடமே கிடையாது. கண்முன் இல்லாததைப் பற்றிப் பேச முடிவதை மொழியின் அடிப்படைக் கூறுகளில் ஒன்றாக 1960இல் மொழியியலாளர் சார்ல்ஸ் ஹாக்கெட் பட்டியலிட்டார். சைவம் சாப்பிடுபவர் நூடுல்ஸையும் கீரையையும் மட்டும் கவனமாகத் தொட்டுக்காட்டி, கறி எதுவும் இல்லாத கிண்ணத்தை வாங்கிவிடலாம். ஆனால் அந்த சூப் பெரும்பாலும் பன்றி எலும்பிலோ கோழி எலும்பிலோ கொதித்தது. பானைக்குள் என்ன போயிற்று என்பது எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் தெரியாது.

இதற்கு எழுத்துதான் வழி. மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியதுபோல் தெரியும் 'ஜே' குறி இருந்தால் அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது, வெங்காயமும் பூண்டும்கூட இருக்காது. செப்டம்பர், அக்டோபரை ஒட்டி வரும் சைவ விழா நாட்களில் பாங்காக்கின் சீனர் தெருவான யாவ்வராட் முழுக்க இந்தக் கொடிகள் பறக்கும். கடலை, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பாமல், தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரிடம் எழுதி வாங்கிய அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதையும் நூடுல்ஸ் கொதிநீரில் இறங்குவதற்கு முன்பே காட்ட வேண்டும். படித்துவிட்டு வண்டிக்காரர் கையை விரித்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.