பேச்சுப்போட்டி சீசனில் பிள்ளைகளின் குரல் ஏன் போகிறது?

ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், அப்புறம் சுதந்திர தினம், ஆசிரியர் தினம், செப்டம்பர் 15 அண்ணா, 17 பெரியார் என்று வரிசையாகப் பேச்சுப்போட்டிகள் வரும் இந்த மாதங்கள் என்னைப் போன்ற பேச்சு சிகிச்சை நிபுணர்களுக்கு நன்றாகத் தெரிந்த சீசன். "தொண்டை கட்டிக்கிச்சு மேடம், அடுத்த வாரம் மாவட்டப் போட்டி இருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் முடிந்திருக்கும். தொண்டைக்கு அவை இதமாக இருக்கும், தப்பில்லை. ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல் பிறக்கிற இடத்தைத் தொடுவதே இல்லை.

குரல்வளைக்குள் இரண்டு சின்ன மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்கிறோம். ஒரு பிள்ளை சாதாரணமாகப் பேசும்போதே அவை நொடிக்கு இருநூறு முறைக்கு மேல் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன, கைதட்டுவது போல. கத்தினால் அந்தத் தட்டு பலமாக விழுகிறது. நாள்தோறும் அப்படி விழுந்தால் முதலில் வீக்கம், அதற்குப் பிறகு மோதுகிற இடத்தில் காய்ப்பு மாதிரி முடிச்சு. குரல் கரகரக்கும், காலையில் சரியாக இருந்து சாயங்காலத்துக்குள் மங்கும், பிள்ளை சும்மா சும்மா தொண்டையைக் கனைக்கும். பெரும்பாலும் இதற்கு ஆபரேஷன் தேவைப்படாது, குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றினாலே சரியாகிவிடும். ஆனால் கரகரப்பு மூன்று வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் ஈஎன்டி டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள், ஏனென்றால் எல்லாக் கரகரப்புக்கும் கத்தல்தான் காரணம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது.

சரி, பிள்ளைகள் ஏன் கத்துகிறார்கள்? இங்கேதான் நான் பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் நடப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், காமராசர் பற்றிய பேச்சு. இரண்டு பக்கத் தாள், யாரோ பெரியவர் எழுதிக் கொடுத்தது. ஓரத்தில் பென்சிலால் "வலது கை மேலே", "இங்கே குரலை உயர்த்து" என்று குறிப்புகள். பேசிக் காட்டு என்றேன். கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்தான். மூன்று வரியை ஒரே மூச்சில் இழுத்தான், தாளில் பத்தி முடிகிற இடத்தில்தான் மூச்சே எடுத்தான். நடுவில் ஒரு சொல் மறந்தது, உடனே "அவையோர்க்கு வணக்கம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லும் அவனுடையதில்லை, குரலும் அவனுடையதில்லை, எங்கோ கேட்ட ஒரு மேடைப் பேச்சாளரின் தொனியைத்தான் அந்தச் சின்னத் தொண்டைக்குள் திணித்திருந்தார்கள்.

தாளை மூடி வைத்துவிட்டு, 1956இல் காமராசர் ஆட்சியில் வந்த மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி வீட்டில் யாருக்காவது நேரில் தெரியுமா என்று கேட்டேன். ஆச்சியைக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னான். அடுத்த முறை வந்தபோது, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆச்சி பள்ளிக்கூடம் போன கதையைச் சொன்னான். பள்ளியில் சோறு போடுகிறார்கள் என்பதால்தான் வீட்டில் அனுப்பினார்களாம். அதைச் சொல்லும்போது குரல் இயல்பாக இருந்தது, மூச்சு தானாக வந்தது, ஓர் இடத்தில் மறந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு சொல்லைப் போட்டுத் தொடர்ந்தான். குரல் சிகிச்சைக்காக நான் தனியாகச் சொல்லித் தர நினைத்திருந்ததில் பாதி அங்கேயே நடந்துவிட்டது.

அவன் அம்மாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "இப்படிப் பேசினா பரிசு கிடைக்குமா மேடம்?" என்றார். நியாயமான கேள்விதான். தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சிறப்புப் பரிசும் உண்டு, பல வீடுகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் பெற்றோரைவிட நடுவர்களிடம்தான் எனக்குக் கோரிக்கை: தயவுசெய்து சத்தத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். பேசி முடித்த பிள்ளையிடம் தலைப்பைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மனப்பாடம் எது, புரிதல் எது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மேடைப் பயத்துக்கும் இந்த மனப்பாடத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வரிக்கு வரி ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒரு சொல் போனால் எல்லாம் போச்சு. நாலைந்து குறிப்புச் சொற்களை மட்டும் அட்டையில் எழுதிக்கொண்டு பேசும் பிள்ளைக்கு அப்படி இல்லை. இன்னொன்றும் உண்டு. நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் எதிரில் இருப்பவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று பேசுகிறவர் நினைக்கிறார். உண்மையில் அவர் நினைக்கிற அளவுக்குத் தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் மாணவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே விளக்கியபோது, விளக்கம் கேட்காதவர்களைவிட அவர்கள் நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். "பயப்படாதே" என்று சொல்வதைவிட "உன் பயம் எங்களுக்கு அவ்வளவாகத் தெரியலை" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

இப்போது பயிற்சி வகுப்புகள். மேடைப்பேச்சுப் பயிற்சிக்குப் பேர்போன டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பு 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சாண்டா அனா ஊரில், ஒய்எம்சிஏ கட்டடத்தில் தொடங்கியது. தொடங்கியவர் ரால்ஃப் ஸ்மெட்லி. அந்த மன்றங்களில் சேர 18 வயது ஆக வேண்டும், சிறியவர்களுக்கு எட்டு அமர்வுகள் கொண்ட தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், பேசுகிறவர் மட்டும் வேலை செய்வதில்லை. ஒருவர் நேரம் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிவிட்டது என்று தெரிய பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் காட்டுவார், ஒருவர் பேச்சைக் கேட்டு எழுந்து கருத்து சொல்வார், அந்த இடத்திலேயே தலைப்பு கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்வார்கள். கேட்கப் பழகுகிற பிள்ளை பேசவும் பழகுகிறது. நம் ஊர் கோடை விடுமுறை வகுப்புகளில் இது குறைவு. நாற்பது பேருக்கு ஒரு ஆசிரியர், ஒரு மணி நேரம், அதில் பாதி ஆசிரியரே பேசுகிறார் என்றால் ஒரு பிள்ளைக்கு முக்கால் நிமிடம்தான் வரும். சேர்க்கும் முன்னால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். "பத்தே நாளில் மேடைப் பயம் போகும்" என்று போர்டு வைத்திருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். இங்கிலீஷ் பேச வைப்பதையும் மேடையில் பேச வைப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் வகுப்புகளும் நிறைய. வீட்டு மொழியில் நாலு பேர் முன்னால் நின்று பேசாத பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு பாரத்தைத் தூக்கிக் கொடுப்பது அது.

திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "கூச்சம் போனா திக்கலும் போயிடும்" என்று நம்பி இந்த வகுப்புகளில் சேர்க்கிறார்கள். திக்கல் கூச்சத்தால் வருவதில்லை. பரம்பரைக்கும் மூளை பேச்சை இயக்கும் விதத்துக்கும் அதில் பங்கு உண்டு, உலகில் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. பயம் அதைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். அதற்காக மேடையே வேண்டாம் என்று ஒதுக்கி வைப்பதும் பெரிய அநியாயம். மேடை கொடுங்கள், ஆனால் பயிற்சியாளரிடம் முன்பே பேசிவிடுங்கள். "அது வந்து", "ம்ம்" போன்ற நிரப்பு ஒலிகளை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைக்கும் வழக்கம் பல மன்றங்களில் இருக்கிறது, சில இடங்களில் ஒவ்வொன்றுக்கும் மணியடிப்பார்கள். சாதாரணப் பிள்ளைக்கு அது விளையாட்டு. திக்கும் பிள்ளை ஒரு சொல்லுக்குள் நுழைய அந்த "ம்ம்"மைப் பிடித்துக்கொண்டுதான் வரும், அங்கே மணியடித்தால் அடுத்த வாரம் அது வகுப்புக்கு வராது. அந்தப் பிள்ளைக்கு எண்ண வேண்டாம், மணி வேண்டாம், நேரம் கூடுதலாக வேண்டும், சொல்லை யாரும் முந்திக்கொண்டு முடித்து வைக்கக் கூடாது. 1998 முதல் சர்வதேசத் திக்குவாய் விழிப்புணர்வு நாளும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் தொடங்கிய அதே அக்டோபர் 22 அன்றுதான் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளியில் அன்றைக்கு இதைப் பற்றிப் பேச ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாக, பள்ளி விழா நடத்தும் ஆசிரியர்களுக்கு. மைக் ஸ்டாண்டை முந்தைய பேச்சாளர் உயரத்திலேயே விட்டுவிடுகிறோம். அடுத்து வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை குதிகாலை உயர்த்தி, தாடையைத் தூக்கி, கழுத்தை இழுத்துக்கொண்டு பேசுகிறது. அந்த நிலையில் குரல்வளை இறுகும், கத்தினால்தான் சத்தம் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸ்டாண்டை வாய்க்கு நேராக இறக்கி வைக்க ஒருவரை நிறுத்துங்கள், வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி இருந்தால் போதும். கூட்டம் தொடங்கும் முன்னால் ஒவ்வொருவரையும் மேடையேற்றி, பெயரையும் வகுப்பையும் சாதாரணக் குரலில் சொல்ல வைத்து, கடைசி வரிசையில் கேட்கிறது என்று அங்கிருந்து ஒருவர் கையைத் தூக்கிக் காட்டட்டும்.