ஏற்காட்டின் உயரத்தில் ஓர் ஆல்ப்ஸ் சிற்றூர்

சேலம் அஸ்தம்பட்டியில் பொதுமருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் ஒரு குறிப்பிட்ட வகை நோயாளிகள் வரத் தொடங்குவார்கள். அவர்களை நோயாளிகள் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. அறுபதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பிள்ளைகள் பணம் கட்டி ஏற்பாடு செய்த ஐரோப்பியச் சுற்றுலாவுக்குப் புறப்படவிருப்பவர்கள். கையில் பயண நிரலைக் கொண்டுவந்து மேசையில் விரித்து, "எல்லாம் போய்ட்டு வரலாமுங்களா டாக்டர்?" என்று கேட்பார்கள். அந்த நிரலில் நான் முதலில் பார்ப்பது ஊர்களின் பெயர்களை அல்ல, அவற்றின் உயரங்களை. எந்த உயரத்தில் தூங்குகிறார்கள், எந்த உயரத்துக்கு எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறார்கள் என்ற இரண்டையும் ஓரத்தில் பேனாவால் குறித்துவைத்த பிறகே மற்றவற்றைப் பேசத் தொடங்குகிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு வரக் காரணமானவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர். அடையாளங்களைச் சற்று மாற்றி, அவர் அனுமதியோடு அவருடைய கதையை எழுதுகிறேன். அவர் முதல்முறை சுவிட்சர்லாந்து சென்றது ஒரு குழுச் சுற்றுலாவில். பெங்களூரில் விமானம் ஏறி, மறுநாள் மாலை இன்டர்லாக்கன் நகரில் இறங்கி, அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் எழுப்பப்பட்டு, காலை உணவுக்கு நேரமில்லாமல், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கிவிட்டு, பேருந்திலும் மலை ரயிலிலுமாக யுங்ஃப்ராயோக் என்னும் பனிமுகட்டு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருக்கிறார். இன்டர்லாக்கன் கடல் மட்டத்திலிருந்து 570 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த முகட்டு நிலையத்தின் உயரம் 3,454 மீட்டர். ஏறத்தாழ 2,900 மீட்டரை அவர் ஒரே காலையில் ஏறியிருக்கிறார். மேலே சென்றதும் பனியைக் கண்ட மகிழ்ச்சியில் படிகளில் வேகமாக ஏறியவருக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, கை நடுங்கி, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கீழே இறக்கி ஏதோ சாப்பிடவைத்ததும் சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் ஊர் திரும்பியபோது, இதயம் பழுதாகிவிட்டது என்ற அச்சத்தையும் உடன் கொண்டுவந்திருந்தார்.

ஈ.சி.ஜி., எக்கோ இரண்டும் இயல்பாக இருந்தன. அன்று நடந்ததை நிமிடக் கணக்கில் கேட்டபோதுதான் இரண்டு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்திருந்தது தெரிந்தது. வெறும் வயிற்றில் எடுத்த மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும். அதே நேரத்தில் உயரமும் தன் வேலையைக் காட்டியிருக்கிறது. தலைசுற்றல், குமட்டல், சோர்வு, தடுமாற்றம் ஆகியவை இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள் என்பதால், அருகில் இருப்பவர்கள் ஒன்றை மற்றொன்றாக எண்ணிக்கொள்வது எளிது. உயரத்துக்குப் போகும் சர்க்கரை நோயாளிக்குத் தலை சுற்றினால் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள், சோதிக்க முடியாவிட்டால் இனிப்பைக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயரத்தில் ஆக்சிஜன் குறைவு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காற்றில் அதன் பங்கு அங்கும் இங்கும் ஒரே 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். மேல்தொட்டியில் தண்ணீர் மட்டம் தாழ்ந்தால் குழாயில் வரும் வேகம் குறைவதைப் போல, அழுத்தம் குறையும்போது நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளும் விசை குறைகிறது. 3,454 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். அப்படிப் பழகுமுன் வரும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் ஆகியவற்றைத்தான் மலை நோய் என்கிறோம்; அது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டுகிறது. அதுவும் மேலே சென்று சில மணி நேரம் கழித்து. ஆகவே, ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குகிற பெரும்பாலானோர் தப்பித்துவிடுகிறார்கள். தப்பித்தவர்கள் திரும்பி வந்து, "ஒண்ணுமே ஆகலை" என்று சொல்லும் சாட்சியம் அடுத்தவரை அலட்சியமாக்குகிறது. உடல் வலிமையும் இதில் காவல் இல்லை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு வந்து, நடக்கவே சோம்பும் அவர் மைத்துனருக்கு வராமல் போவதும் உண்டு.

சேலத்துக்காரர்கள் என்னிடம் தவறாமல் சொல்லும் இன்னொரு வாதம், "நாங்க ஏற்காட்டுக்குப் போய்ப் பழகினவங்கதானுங்களே" என்பது. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,515 மீட்டரிலும் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைத்துத் திறப்பது அழுத்த மாற்றத்தின் அடையாளமே தவிர, பயிற்சி அல்ல. ஏற்காட்டில் ஒரு வாரம் தங்கினாலும் 3,400 மீட்டருக்கு உடல் ஆயத்தமாகிவிடாது. ஆனால் இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டால் அதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஏற்காட்டில் இரவு நிம்மதியாகத் தூங்கி, காலையில் ஏரியைச் சுற்றி மூச்சு வாங்காமல் நடக்க முடிகிற ஒருவர், அதே உயரத்தில் இருக்கும் எந்த ஆல்ப்ஸ் ஊரிலும் அவ்வாறே தூங்கலாம், நடக்கலாம். அப்படியானால் ஏற்காட்டின் உயரத்தில் உள்ள ஓர் ஆல்ப்ஸ் ஊரைத் தேர்ந்து, அங்கே ஐந்து நாட்கள் தங்கி, பகலில் மட்டும் படிப்படியாக மேலே சென்று வந்தால் என்ன?

நான் பரிந்துரைப்பதும், நானே குடும்பத்தோடு தங்கி வந்ததும் ஆண்டர்மாட் என்னும் சிற்றூர். சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில், ஊர்சரன் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது நம் ஏற்காட்டைவிடச் சற்றுத் தாழ்வு. நிரந்தரமாக வாழ்பவர்கள் ஆயிரத்து ஐந்நூறு பேர் அளவில்தான். நம்மூர்ச் சுற்றுலா நிரல்களில் இந்தப் பெயரைக் காண்பது அரிது. செர்மாட்டுக்கும் செயின்ட் மோரிட்ஸுக்கும் இடையே ஓடும் புகழ்பெற்ற கிளேசியர் எக்ஸ்பிரஸ் இந்த ஊரில் நின்று செல்கிறது என்றாலும், அதில் வரும் நம்மவர்கள் சன்னல் வழியே ஒரு படம் எடுப்பதோடு சரி. சூரிச்சிலிருந்து ரயிலில் கோஷனன் வந்து, அங்கிருந்து பற்சக்கரத்தில் ஏறும் சிறிய ரயிலுக்கு மாறினால், சுமார் பத்து நிமிடத்தில் ஊருக்குள் இறங்கிவிடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய உதவி. பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற வேண்டிய மேடு எதுவும் ஊருக்குள் இல்லை.

நம் நாலு ரோட்டைப் போல, இந்த ஊரிலிருந்தும் நான்கு திசைக்கும் வழி பிரிகிறது. வடக்கே ஷோலனன் என்னும் குறுகிய மலையிடுக்கு. கிழக்கே ஓபரால்ப், மேற்கே ஃபுர்கா, தெற்கே கோட்ஹார்ட் ஆகிய மூன்று கணவாய்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரைன், ரோன், ராய்ஸ், டிசினோ ஆகிய நான்கு ஆறுகள் பிறக்கின்றன. ரைன் வடகடலுக்கும் ரோன் மத்தியதரைக் கடலுக்கும் ஓடுகின்றன. டிசினோ, போ ஆற்றில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலைச் சேர்கிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாளிதழில் தினமும் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரே மலைக்கூட்டத்தில் விழும் மழை மூன்று கடல்களுக்குப் பிரிந்து போகும் இடத்தில் நிற்பது சாதாரணக் காட்சியாகத் தோன்றாது.

ஷோலனன் இடுக்கில் ராய்ஸ் ஆற்றின்மேல் இருக்கும் பாலத்துக்குப் பேய்ப்பாலம் என்று பெயர். பாலம் கட்ட முடியாமல் திணறிய ஊரி மக்கள் பேயிடம் உதவி கேட்டார்களாம். முதலில் கடக்கும் உயிர் தனக்கு வேண்டும் என்று பேய் விலை பேசியதாம். கட்டி முடித்ததும் மக்கள் ஓர் ஆட்டுக்கடாவை விரட்டிவிட்டார்களாம். சினத்தில் பாலத்தை உடைக்கப் பேய் தூக்கிவந்து கைவிட்டதாகச் சொல்லப்படும் பாறை கோஷனன் அருகே இன்றும் கிடக்கிறது. 1977-இல் நெடுஞ்சாலைப் பணிக்காக, அந்தப் பாறையை உடைக்காமல் 127 மீட்டர் நகர்த்திவைத்தார்கள். 1799 செப்டம்பரில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படை பிரெஞ்சுப் படையோடு இதே இடுக்கில் போரிட்டது. அதன் நினைவாகப் பாறையில் குடைந்த பெரிய சிலுவை ஒன்றும் இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் நிறுத்திவைத்தது வேறொன்று. அந்தப் பள்ளத்தாக்கின் சரிவுகள் பெரும்பாலும் மரமற்ற புல்வெளிகள். ஊருக்கு நேர் மேலே மட்டும் முக்கோணமாக ஒரு சிறு காடு நிற்கிறது. மேலிருந்து சரியும் பனியை அந்தக் காடுதான் தடுக்கிறது என்பதை உணர்ந்து, அதில் ஒரு கிளையைக்கூட வெட்டக்கூடாது என்று 1397-ஆம் ஆண்டிலேயே ஊரார் எழுதி வைத்த ஆணை உண்டு. காடு இருந்தும் 1951 ஜனவரியில் பனிச்சரிவுகள் ஊருக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தன. இப்போது சரிவெங்கும் தடுப்புக் கட்டமைப்புகளையும் காணலாம். பாக்சைட் எடுக்க வெட்டிய இடங்களை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, அந்த முக்கோணக் காடு ஒரு வழக்கு ஆவணத்தைப் போலத் தெரிந்தது.

மருத்துவராக இந்த ஊரை நான் விரும்புவதற்குக் காரணம் அதன் படிகள். முதல் இரண்டு நாட்கள் ஊருக்குள்ளும் ஆற்றோரமும் நடக்கலாம். மூன்றாம் நாள் ரயிலில் அமர்ந்தபடியே, அரை மணி நேரத்துக்குள், சுமார் 2,040 மீட்டரில் இருக்கும் ஓபரால்ப் கணவாய்க்குச் சென்று, தேநீர் அருந்தித் திரும்பலாம்; நடக்க வல்ல இளையவர்கள் அங்கிருந்து ரைன் ஆறு பிறக்கும் டோமா ஏரி வரை ஏறிவரலாம். எல்லாம் நன்றாக இருந்தால், கம்பிவடப் பெட்டி இயங்கும் காலத்தில் 2,961 மீட்டர் உயரமுள்ள கெம்ஸ்ஸ்டாக் முகட்டை முயலலாம். வழியில் ஏறத்தாழ 2,200 மீட்டரில் ஓர் இடைநிலையம் இருப்பதால், அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து உடலைக் கேட்டுவிட்டு மேலே போகலாமா, இறங்கலாமா என்று முடிவு செய்யலாம். எந்த நாளானாலும் இரவுத் தூக்கம் 1,440 மீட்டரில்தான். தலைவலி தொடங்கினால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்கிவிடுங்கள். மூச்சு வாங்குதல் ஓய்விலும் நிற்காவிட்டாலோ, நடை தள்ளாடினாலோ அது நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது இறங்குவதும் உதவிக்கு அழைப்பதும் உடனே நடக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் அவசர ஊர்திக்கு 144, மலைப்பகுதி ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414 என்ற எண்களைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால் எல்லோரிடமும் ஒரு பத்திரம் இருக்கும். அதில் ஏற்கெனவே உள்ள நோய்களும் மலை மீட்பும் அடங்குமா என்று படித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். நம் பள்ளி விடுமுறை மே மாதம். ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் அதே நாட்களில் ஆண்டர்மாட் இரண்டு பருவங்களுக்கு நடுவே உறங்கிக்கொண்டிருக்கும். பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கணவாய்ச் சாலைகள் இன்னும் முழுதாகத் திறக்காமல், பல விடுதிகள் பூட்டியிருக்கும். ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை செல்வதே நல்லது. ஒரு காலத்தில் இராணுவ முகாம் ஊராக இருந்த இந்த இடத்தில், பதினைந்து இருபது ஆண்டுகளாக எகிப்தியத் தொழிலதிபர் சமீஹ் சவிரிஸின் முதலீட்டில் ஆடம்பர விடுதிகள் எழுந்துள்ளன. அவற்றின் வாடகையைக் கேட்டாலே இரத்த அழுத்தம் ஏறும். சமையலறையோடு கூடிய சிறு குடியிருப்பை எடுத்துக்கொண்டால் செலவும் குறையும், நேரத்துக்கு உணவும் கிடைக்கும். அரிசியும் தயிரும் கடையில் கிடைக்கின்றன; பருப்புப் பொடியும் ஊறுகாயும் போதும். நெய்யையும் பால் இனிப்புகளையும் கொண்டுபோகாதீர்கள், இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவர அங்கே தடை உண்டு.

இன்சுலின் எடுப்பவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்து, பனியில் நடக்கும்போது சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. கோடையில் அங்கே நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், மாத்திரை நேரத்தைப் புறப்படுமுன் மருத்துவரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள். மாரடைப்பு வந்து சில மாதங்களே ஆனவர்கள், கட்டுப்படாத ஆஸ்துமாவோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் முகடுகளை விட்டுவிட்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். மலை நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கக்கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல, புதிய பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும்.

கொலுசுப் பட்டறைக்காரர் சென்ற ஆண்டு, ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது, மனைவியோடு ஆண்டர்மாட்டில் ஐந்து இரவுகள் தங்கினார். திரும்பி வந்து, சர்க்கரை அளவு எழுதும் குறிப்பேட்டை என் மேசையில் வைத்தார். வழக்கமான தேதிக்கும் அளவுக்கும் பக்கத்தில், நான் சொல்லாமலே, ஒவ்வொரு நாளும் சென்ற உயரத்தை மீட்டரில் எழுதியிருந்தார். ஓபரால்ப் சென்ற நாளின் வரியில் இப்படி இருந்தது: "2,040. சர்க்கரை 138. தலைவலி இல்லை. தயிர் சாதம். ஏற்காட்டைவிடக் குளிர்."