பாம்பாகத் தோன்றும் பல்லி: மண்ணுக்குள் டிபாமஸ்

தாமிரபரணிக் கரையில் வரப்பு வெட்டும்போதும், வீட்டு முற்றத்தில் பூந்தொட்டியை நகர்த்தும்போதும், மண்புழுவைக் காட்டிலும் பளபளப்பான கரும்பழுப்பு உயிரொன்று விரைந்து நெளிந்து மண்ணுக்குள் மறைவதைத் திருநெல்வேலிப் பக்கத்தில் பலரும் கண்டிருப்பார்கள். அது புழுப்பாம்பு. எறும்பு, கறையான் ஆகியவற்றின் இளம்பருவங்களைத் தின்று வாழும் அதற்கு நஞ்சு கிடையாது. அதை அடித்துக் கொல்வது வீண் வேலை. ஏறத்தாழ அதே உருவமுள்ள வேறொரு விலங்கு, வங்கக் கடலுக்கு அப்பால் நிக்கோபார் தீவுகளின் ஈர மண்ணில் வாழ்கிறது. அது பாம்பே அன்று. கால்களை இழந்து, கண்கள் செதிலுக்கடியில் மறைந்துபோன பல்லியினம். டிபாமஸ் என்னும் இப்பேரினத்தை 1839இல் பிரெஞ்சு விலங்கியலாளர்களான துமேரிலும் பிப்ரோனும் வரையறுத்தனர்.

மண்ணைத் துளைத்துச் செல்லும் விலங்குக்குக் கால்கள் உதவியைவிட இடைஞ்சலாகவே அமைகின்றன. துளையின் குறுக்களவு பெருகப் பெருக, அதைத் திறப்பதற்கு வேண்டிய விசையும் பெருகுகிறது. சாக்குத் தைக்கும் கோணூசி மெலிந்திருப்பதும் இதனால்தான். ஆகவே, தசையின் அளவைக் குறைக்காமல் உடலை மெலிதாக்க வேண்டுமானால் அதை நீளமாக்குவதே வழி. டிபாமஸின் உடல் நீண்டு, வால் குட்டையாக இருக்கிறது. தலையே தோண்டும் கருவி என்பதால் மண்டையோட்டு எலும்புகள் இறுகப் பிணைந்திருக்கின்றன. மூக்கு நுனியையும் கீழ்த்தாடையின் முன்பகுதியையும் அகன்ற செதில்கள் மூடிக் காக்கின்றன. மண் புகுந்து அடைக்கக்கூடிய காதுத்துளையும் வெளியே இல்லை.

தலையை முன்னோக்கித் தள்ளும் விசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை விளக்க, நம் பொதிகை மலையிலேயே சிறந்த சான்று உண்டு. மாஞ்சோலை போன்ற மழைக்காட்டுப் பகுதிகளைக் கொண்ட இம்மலைத்தொடரில் கேடயவால் பாம்புகள் வாழ்கின்றன. அவற்றுள் யூரோபெல்டிஸ் ஆர்க்டிசெப்ஸ் என்னும் இனம், 1875இல் திருநெல்வேலியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டே அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. இப்பாம்புகளின் முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து மடிகிறது. அப்போது முன்னுடல் தடித்துச் சுரங்கச் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள, மடிந்த எலும்பு நிமிரும் விசையில் தலை முன்னே பாய்கிறது. களைப்பின்றி நெடுநேரம் உழைக்கவல்ல செந்தசை முன்னுடலில் மட்டுமே செறிந்திருக்கிறது. பின்னுடல் இழுத்துச் செல்லப்படும் பாரமே. டிபாமஸ் இதை அப்படியே பின்பற்றுவதாகக் கொள்ளக் கூடாது என்றாலும், காலின்றித் தோண்டும் எந்த உயிரும் உடலின் ஒரு பகுதியை ஊன்றி மறுபகுதியைச் செலுத்தியே ஆக வேண்டும்.

ஒரே வேலை ஒரே உருவத்தைத் தந்துவிடுவதால், வெளித்தோற்றத்தை நம்பி உறவு சொல்வது ஆபத்தானது. டிபாமஸைப் பாம்புகளோடும் பிற காலற்ற பல்லியினங்களோடும் சேர்த்த பழைய வகைப்பாடுகள் இந்த இடத்தில்தான் சறுக்கின. மரபணு ஆய்வுகளோ, பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய பெருங்குழுவின் மிகத் தொன்மையான கிளைகளில் ஒன்றாகவே அதைக் காட்டுகின்றன. சில ஆய்வுகளில் அது வீட்டுப் பல்லியின் கூட்டத்தோடு நெருங்கி நிற்கிறது. முட்டையும் இங்கே கவனிக்கத் தக்கது. ஓணான் இடும் முட்டையின் ஓடு தோல்போல நெகிழ்வானது. வீட்டுப் பல்லியின் முட்டையோ சுண்ணாம்பு ஓடுடையது. டிபாமஸ் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடுகிறது. அதன் ஓடும் கடினமானதே.

கால்கள் முற்றிலும் போய்விட்டன என்று சொன்னால் அது பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். ஆணுக்குக் கழிவுத் துளையின் இருபுறமும் மடல் போன்ற இரு சிறு பின்னங்கால் எச்சங்கள் உள்ளன. இணைசேரும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ள அவை உதவுவதாகக் கருதப்படுகிறது.

இப்பேரினத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து இனங்கள் அறியப்பட்டுள்ளன. நிக்கோபாரில் டிபாமஸ் நிக்கோபாரிகஸ், வியட்நாமில் டிபாமஸ் கிரீரி, ஹாங்காங்கின் சிறு தீவில் 1992இல் விவரிக்கப்பட்ட டிபாமஸ் போகடேகி என அவை நியூகினி வரை பரவியுள்ளன. மூக்குச் செதில்களின் அமைப்பு, உடலைச் சுற்றிய செதில் வரிசைகளின் எண்ணிக்கை போன்ற நுட்பமான வேறுபாடுகளே அவற்றைப் பிரித்தறிய உதவுகின்றன. மண்ணுக்குள்ளும் மட்கிய மரங்களுக்கு அடியிலும் ஒளிந்திருப்பதால், சில இனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்க மாதிரிகளால் மட்டுமே அறியப்பட்டவை. இக்குடும்பத்தின் மற்றொரு பேரினமான அனெலிட்ராப்சிஸ், ஒற்றை இனத்தோடு மெக்சிகோவில் வாழ்கிறது. ஆசியாவையும் வட அமெரிக்காவையும் முற்காலத்தில் இணைத்திருந்த நிலப்பாலத்தின் வழியாக அதன் மூதாதைகள் அங்கே சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.