தூக்க ஊசி கேட்பதற்கு முன்னால்

போன வாரமும் ஒரு பெரியவரைத் துண்டால் கையைக் கட்டித்தான் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். மன்னார்குடிப் பக்கம், விவசாயி, எழுபத்தைந்தைத் தாண்டியவர், சில வருஷமாக மறதி நோய். மூன்று நாளாக மருமகளை அடிக்கிறார், வேட்டியை அவிழ்த்துப் போடுகிறார், ராத்திரியெல்லாம் கத்துகிறார். "நோய் முத்திப்போச்சு டாக்டர், நல்லா தூங்குற மாதிரி ஊசி போட்டு விடுங்க" என்கிறார் மகன். அடிவயிற்றில் கை வைத்தால் தொப்புள் வரை மூத்திரப்பை புடைத்திருந்தது. ஏற்கெனவே ப்ராஸ்டேட் வீக்கம், சளிக்கென்று கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரை மூத்திரத்தை அடைத்துவிட்டது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அடுத்த சில நாளில் ஆள் பழையபடி ஆகிவிட்டார். மறதி அப்படியேதான் இருக்கிறது, அடி நின்றுவிட்டது.

எத்தனை தடவைதான் சொல்வது? மறதி நோய் பொதுவாக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் முற்றுவது. வியாழக்கிழமை வரை சாதுவாக இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை கம்பைத் தூக்கினால், உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மூத்திரத்தில் கிருமி (வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கும்), நாலு நாள் மலச்சிக்கல், சொத்தைப் பல், விழுந்ததில் இடுப்பெலும்பு முறிவு, ரத்தத்தில் உப்பு குறைவது, சர்க்கரை இறங்குவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை. எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதன்மேல் தூக்க ஊசியும் போட்டால் காரணம் மறைந்துபோகும், ஆளும் தடுமாறி விழுவார்.

சரி, உடம்பில் ஒன்றுமில்லை, சாயங்காலமானால் மட்டும் ரகளை என்றால்? நம் பக்கத்துப் பெரியவர்கள் அந்த நேரத்தில் மண்வெட்டியைத் தேடுவார்கள், மடை திறக்கப் போகணும் என்பார்கள். நிலத்தை வித்து பத்து வருஷமாச்சு என்று வாதாடி, கதவைப் பூட்டி, கையைக் கட்டினால் அடிக்கத்தான் செய்வார். "எந்த வயல்ப்பா? ஆடுதுறை 27 நெல் போட்டீங்களே, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே கூட நாலு தப்படி நடந்துவிட்டு வாருங்கள். வாய்க்கால் ஓரம் தனியாக மட்டும் விடாதீர்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எப்போதும் இருக்கட்டும்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதெல்லாம் பார்த்த பிறகும் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் குறைந்த அளவில் கொடுக்கிறோம், சில வாரத்தில் குறைக்க முடியுமா என்றும் பார்க்கிறோம். காரணம், மனநோய்க்குக் கொடுக்கிற இந்த வகை மருந்துகள் (ஆன்டிசைக்கோட்டிக்) மறதி நோயாளிகளுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005லேயே எச்சரித்துவிட்டது. இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்லி, உடம்பும் விறைப்பாக இருக்கிற லூயி பாடி என்ற மறதி நோய் வகைக்கு, இதே வகை மருந்தான ஹாலோபெரிடால் போட்டால் ஆளே முடங்கிப்போகலாம். இது சக டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான். பழைய சீட்டைக் காட்டி கடையில் வாங்கிக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

வரும்போது சளி மாத்திரை, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். முக்கியமாக, கூட இருந்து பார்த்துக்கொள்கிறவரை அழைத்து வாருங்கள், அநேகமாக அது மருமகள்தான். கடைசியாக எப்போது மூத்திரம் போனார் என்று கேட்டால், சென்னையிலிருந்து நேற்று ராத்திரி பஸ் ஏறி வந்த மகனுக்கு எப்படித் தெரியும்?