புயலுக்குப் பின் மணல் எங்கே போகிறது?

புயல் ஓய்ந்த மறுநாள் பழவேற்காட்டுக் கரைக்குச் சென்றால், "மணலை எல்லாம் கடல் தின்றுவிட்டது" என்று யாராவது வருத்தத்தோடு சொல்வார்கள். கடற்கரை நிலவியலில் பணியாற்றுபவன் என்ற முறையில், அந்த மணல் பெரும்பாலும் தொலைவதில்லை, இடம்தான் மாறுகிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நிற்பது ஒரு நீண்ட மணல் திட்டு. ஸ்ரீஹரிகோட்டாவும் அதன் பகுதியே. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் காற்று அதற்கு மேலும் நீரைக் குவிக்கும். உயர்ந்த நீரின் மேலேறி வரும் அலைகள் மணல்மேட்டின் அடியை அரித்துச் செங்குத்தாக வெட்ட, அரிந்த மணலில் ஒரு பகுதி பின்வாங்கும் நீரோடு சென்று கரைக்குச் சற்று வெளியே கடலடியில் படிகிறது. மேடு தாழ்ந்த இடங்களில் அலை அதைத் தாண்டிப்போய் ஏரிப் பக்கத்தில் மணலை விசிறிபோல் பரப்புகிறது.

அப்படிப் பரவிய இடமொன்றில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பார்த்தோம். மேலே வெளிறிய மணல், அதன் கீழே விரல் தடிமனில் இல்மனைட் என்ற கனமான கரிய தாது மணலின் பட்டை, உடைந்த சிப்பிகள், எல்லாவற்றுக்கும் அடியில் இராவணன் மீசைப் புல்லின் வேர்கள் பின்னிய பழைய தரை. ஒவ்வொரு புயலும் இப்படித் திட்டின் பின்பக்கத்தை உயர்த்துவதால்தான், கடல் ஏறினாலும் திட்டு மெல்ல நிலத்தை நோக்கி நகர்ந்து பிழைத்துக்கொள்கிறது.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் கதை வேறு. புயல் மழையில் ஆரணியாறும் காளங்கியும் ஏரியை நிரப்பியபின், கடல் தணிந்ததும் உள்நீர் பாய்ந்து அடைபட்ட வாயைத் திறந்துவிடும். பிறகு, மீனவர்கள் வன்னி என்று சொல்லும் வடக்கு நோக்கிய நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து மீண்டும் அடைக்கும்.

நியூயார்க்கை அடுத்து, இதே போன்ற மணல் திட்டான ஃபயர் தீவில், 2012 அக்டோபர் 29 அன்று தாக்கிய சாண்டி புயல் கடற்கரையிலும் மேடுகளிலும் இருந்த மணலில் பாதிக்கு மேல் பெயர்த்தது. அந்தப் பகுதியின் மணல் திட்டுகளில் விழுந்த மூன்று உடைப்புகளில் இரண்டை அடைத்தார்கள்; மனிதத் தலையீடு இல்லாமல் பாதுகாக்கப்படும் இயற்கைப் பகுதியில் இருந்ததை மட்டும் அடைக்காமல் கண்காணித்தார்கள். அதன் வழியே புகுந்த கடல்நீரால் அருகிலிருந்த உள்கடலின் நீர்த்தரம் மேம்பட்டது.

இங்கோ, வழி வேண்டும் என்று ஒரு மணல்மேட்டை இயந்திரம் கொண்டு சமன்செய்ததை நானே பார்த்தேன். அடுத்த வடகிழக்குப் பருவத்தில் தண்ணீர் முதலில் புகுந்தது அந்த வெட்டின் வழியாகத்தான். கடலடியில் படிந்த மணலை அமைதியான அலைகள் சில மாதங்களில் கரைக்குத் திருப்பித் தரும். மேடு வளரவோ ஆண்டுகள் ஆகும். அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் வேர்பிடித்து, காற்றில் வரும் மணலைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆகவே, பாதையில் குவிந்த புயல் மணலை லாரியில் ஏற்றி வெளியே அனுப்பாமல், அரிபட்ட மேட்டின் அடியிலேயே கொட்டுங்கள். கொடி படரும் வரை அதன்மேல் வண்டி ஏற விடாதீர்கள்.