சுகப்பிரசவத்துக்கு எதிர்ச்சொல் என்ன?

‘வெஜைனல் டெலிவரி’யைச் ‘சுகப்பிரசவம்’ என்று பெயர்த்த ஒரு மருத்துவக் கையேட்டுக்குக் கடந்த வாரம் மெய்ப்புப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் நான்கு இடம். நான்காவது வாக்கியம் இப்படித் தொடங்குகிறது: “சுகப்பிரசவத்தில் ஆசனவாய்த் தசை வரை கிழிந்துவிட்டால்…” பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

சுகம், பிரசவம் இரண்டும் வடசொற்கள். ‘ஸூ’ என்றால் ஈனுதல்; முன்னால் ‘ப்ர’ ஒட்டிப் பிரசவம். தமிழில் பேறு, மகப்பேறு, பிள்ளைப்பேறு. “சுகப்பிரசவம் ஆகட்டும்” என்று வாழ்த்துகிறவர் தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார். பிள்ளை எந்த வழியாக வந்தால் என்ன? அந்த வாழ்த்தைச் சிசேரியனுக்கு எதிர்ச்சொல்லாகச் சுருக்கிவிட்டோம். அப்படியானால் வயிற்றைக் கிழித்துப் பெற்றவளுக்கு வாய்த்தது அசுகமா? ஆயுதம் போட்டு எடுத்த பிறகு, தையலோடு உட்கார முடியாமல் ஒருக்களித்துக் கிடப்பவளுக்கு எது சுகம்?

‘இயற்கைப் பிரசவம்’ இதைவிட மோசம். ஆக்சிடோசின் ஏற்றி வலியை வரவழைத்து, முதுகில் ஊசி போட்டு அதே வலியை மரக்கச் செய்து, கத்தரி வைத்து வழியை அகட்டினாலும் அதன் பெயர் இயற்கையாம். ‘இயல்பான பிரசவம்’ என்பது ‘நார்மல்’ என்பதன் நிழல். அதன் மூலமான லத்தீன் ‘நார்மா’ தச்சரின் மூலைமட்டம். மட்டத்துக்குப் பொருந்தாதவள் கோணலாகிவிடுகிறாள். தனித்தமிழ் அன்பர்களோ வடசொல்லை மட்டும் களைந்து ‘இயற்கை மகப்பேறு’ என்று எழுதித் திருப்தி அடைகிறார்கள். யோனிக்குச் சில கலைச்சொல் பட்டியல்கள் தரும் சொல் ‘புணர்புழை’. பிள்ளை பிறக்கும் வழிக்கு இப்படியொரு பெயர்! யார் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்து வைத்தார்களோ?

சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்த மான்ட்கோமரி வழக்கில் தாய் குள்ளமானவர், நீரிழிவுக்காரர். யோனிவழிப் பேற்றில் குழந்தையின் தோள் சிக்கும் வாய்ப்பு 9–10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று நினைத்து மருத்துவர் அதைத் தாயிடம் சொல்லவில்லை. தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை முடக்குவாதம். இது வெறும் மருத்துவ முடிவாகத் தெரியவில்லை, யோனிவழிப் பேறே அறத்தில் உயர்ந்தது என்ற முடிவாகத் தெரிகிறது என்று எழுதினார் நீதிபதி ஹேல். அந்த உயர்வைத்தான் நம் ‘சுகம்’ ஒவ்வொரு முறையும் சொல்லாமல் சொல்கிறது.

‘யோனிவழிப் பிரசவம்’, ‘அறுவைப் பிரசவம்’ என்று திருத்தி அனுப்பினேன். யோனியும் வடசொல்தான், இருக்கட்டும். “வாசகர்கள் கூச்சப்படுவார்கள்” என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அதே கையேட்டில் ‘ஆசனவாய்’ ஏழு இடத்தில் வருகிறது.